சட்டத்தை முந்திய சியால்டா பள்ளி

புது தில்லி: உச்ச நீதிமன்றம் 2025 செப்டம்பர் 1-ஆம் தேதி வழங்கிய தீர்ப்பில், ஆசிரியர் தகுதித் தேர்வு பற்றிய பகுதியே தமிழகத்தில் பெரிதும் பேசப்பட்டது. பல ஆண்டுகளாகப் பணியில் இருப்பவர்களும் அத் தேர்வில் தேர்ச்சி பெற வேண்டும் என்று கூறப்பட்டதால் எழுந்த கவலை அது. ஆனால், தமிழகம், மகாராஷ்டிர மாநிலங்களிலிருந்து வந்த மேல்முறையீடுகளின் மீது வழங்கப்பட்ட அத் தீர்ப்பில், நாடு முழுவதையும் தொடும் இன்னொரு பகுதியும் உண்டு. சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளுக்குக் கல்வி உரிமைச் சட்டம் அறவே பொருந்தாது என்று 2014-ல் ஐந்து நீதிபதிகள் அடங்கிய அரசியல் சாசன அமர்வு கூறியது சரிதானா என்ற ஐயத்தை நீதிபதிகள் தீபங்கர் தத்தா, மன்மோகன் ஆகியோர் எழுப்பினர். பெரிய அமர்வு ஒன்று இதை ஆராய வேண்டுமா என்பதை முடிவு செய்யுமாறு தலைமை நீதிபதிக்கு அவர்கள் அனுப்பி வைத்தனர்.

2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம், 6 முதல் 14 வயது வரையிலான எல்லாக் குழந்தைகளுக்கும் கல்வியை உரிமையாக்கியது. அரசு உதவி பெறாத தனியார் பள்ளிகளும் தங்கள் நுழைவு வகுப்பில் குறைந்தது 25 சதவீத இடங்களை நலிந்த பிரிவினரின் குழந்தைகளுக்குக் கட்டணமின்றித் தர வேண்டும் என்று அதன் 12-ஆவது பிரிவு கூறுகிறது. சிறுபான்மையினரின் பள்ளிகளுக்கு இக் கடமை இல்லை. இந்த விலக்கு, ஓர் உரிமைக்கு இடப்பட்ட வேலியா, கடமையிலிருந்து நழுவுவதற்கான வழியா என்பதே இப்போதைய வாதம்.

இவ் வாதம் எழுவதற்குப் பல ஆண்டுகள் முன்பே, எந்தச் சட்டமும் கட்டாயப்படுத்தாத நிலையில், 25 சதவீதம் அல்ல, ஏறத்தாழப் பாதி இடங்களையே ஏழைக் குழந்தைகளுக்குத் திறந்துவிட்ட கத்தோலிக்கப் பள்ளி ஒன்று கொல்கத்தாவில் உள்ளது. சியால்டா ரயில் நிலையத்துக்கு அருகே இயங்கும் லொரேட்டோ டே ஸ்கூல்தான் அது. சட்ட வாதங்களில் கிடைக்காத சில விடைகள் அப் பள்ளியின் வரலாற்றில் கிடைக்கின்றன.

அயர்லாந்திலிருந்து வந்த கன்னியர்

லொரேட்டோ சபையின் மூலவர் 17-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த மேரி வார்டு என்ற ஆங்கிலப் பெண்மணி. துறவறம் பூண்ட பெண்கள் மடத்துச் சுவர்களுக்குள் அடங்கியிராமல், வெளியே வந்து பெண் குழந்தைகளுக்குக் கற்பிக்க வேண்டும் என்றார் அவர். அக் காலத் திருச்சபைக்கு அது ஏற்புடையதாக இல்லை. 1631-ல் அவரது சபை கலைக்கப்பட்டது. அவரும் மியூனிக் நகரில் சிறைவைக்கப்பட்டார். ஆயினும் அவர் இட்ட விதை அழியவில்லை. இரு நூற்றாண்டுகள் கழித்து, அயர்லாந்தின் டப்ளின் நகருக்கு அருகே தெரசா பால் என்பவர் அச் சபையின் கிளையை நிறுவினார்.

அங்கிருந்து டெல்ஃபின் ஹார்ட் தலைமையில் புறப்பட்ட கன்னியர் குழு, 1841 டிசம்பர் இறுதியில் கல்கத்தா துறைமுகத்தை அடைந்தது. அடுத்த மாதமே, 1842 ஜனவரியில், லொரேட்டோ ஹவுஸ் பள்ளி தொடங்கப்பட்டது. சியால்டா பள்ளி 1857-ல் உருவானது. சிப்பாய்களின் எழுச்சியும் கல்கத்தா, பம்பாய், சென்னைப் பல்கலைக்கழகங்களின் தோற்றமும் நிகழ்ந்த அதே ஆண்டு.

அந்நாளைய கத்தோலிக்கப் பள்ளிகள் இரு வகைக் குழந்தைகளுக்கும் கற்பித்தன. ஆனால், அவர்களைத் தனித்தனியே வைத்துக் கற்பித்தன. கட்டணம் செலுத்துவோருக்கு ஆங்கிலவழிப் பள்ளி. அநாதைகளுக்கும் ஏழைகளுக்கும் வேறு பள்ளி அல்லது விடுதி. கொல்கத்தாவின் என்டாலி பகுதியில் உள்ள லொரேட்டோ வளாகத்தில் வங்கமொழிவழிப் பள்ளியான செயின்ட் மேரீஸ் தனியே இயங்கியது. 1929-ல் இந்தியா வந்த அன்னை தெரசா, அங்கேதான் ஆசிரியையாகப் பணியாற்றினார். பள்ளியின் மதிலுக்கு அப்பால் மோதிஜீல் குடிசைப் பகுதி இருந்தது. 1948-ல் அவர் அம் மதிலைக் கடந்து வெளியேறினார். மதிலோ இருந்த இடத்திலேயே இருந்தது.

சுதந்திர இந்தியாவில் அம் மதில் இன்னும் உயர்ந்தது. நடுத்தர வர்க்கத்தின் ஆங்கிலக் கல்வி வேட்கைக்கு இப் பள்ளிகள் இலக்காயின. கன்னியர் மடத்தைக் குறிக்கும் 'கான்வென்ட்' என்ற சொல், தமிழகத்தில் மடத்தோடு தொடர்பே இல்லாத ஆங்கிலப் பள்ளிகளின் பெயர்ப் பலகைகளில்கூட ஏறிக்கொண்டதிலிருந்தே அந்த வேட்கையின் அளவை உணரலாம். ஏழைகளுக்காகக் கடல் கடந்து வந்தவர்களின் பள்ளிகள், வசதி படைத்தோரின் பள்ளிகள் என்று பெயர் பெற்றன.

திருச்சபைக்குள்ளேயே இது குறித்துக் கேள்வி எழுந்தது. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965 அக்டோபரில் வெளியிட்ட கல்வி குறித்த பிரகடனம், பொருளற்றோர் மீதும் குடும்பத்தின் ஆதரவு கிடைக்காதோர் மீதும் கத்தோலிக்கப் பள்ளிகள் தனி அக்கறை கொள்ள வேண்டும் என்று வலியுறுத்தியது. கொள்கை ஏட்டில் இருந்தது. அதை வகுப்பறைக்குக் கொண்டுவரத் துணிந்தவர்களில் ஒருவர் சகோதரி சிரில்.

1979: தொண்ணூறு, எழுநூறு ஆனது

அயர்லாந்தின் பிரே என்ற கடலோர ஊரில் 1936-ல் பிறந்த சிரில் மூனி, 20-ஆவது வயதில் லொரேட்டோ சபைத் துறவியாக இந்தியா வந்தார். விலங்கியலில் முனைவர் பட்டம் பெற்றவர். 1979-ல் சியால்டா பள்ளியின் முதல்வர் பொறுப்பை ஏற்றார்.

சியால்டா, கொல்கத்தாவின் துயரங்கள் வந்து இறங்கும் இடம். 1947 பிரிவினையின்போது கிழக்கு வங்கத்திலிருந்து வந்த அகதிகள் அந் நிலையத்தின் நடைமேடைகளிலேயே குடும்பம் நடத்தினர். பின்னர், பிழைப்புத் தேடி வந்த கிராமத்து ஏழைகள் சுற்றுப்புற நடைபாதைகளில் தங்கினர். பள்ளி மணியோசை கேட்கும் தொலைவில், பள்ளியையே அறியாத குழந்தைகள் குப்பை பொறுக்கியும் பிச்சையெடுத்தும் வளர்ந்தனர்.

சிரில் பொறுப்பேற்றபோது, பெண்களுக்கான அப் பள்ளியில் சுமார் 790 மாணவியர் படித்தனர். அவர்களில் கட்டணமின்றிப் படித்த ஏழைக் குழந்தைகள் 90 பேர் மட்டுமே. 1998 வாக்கில் மாணவியர் எண்ணிக்கை சுமார் 1,400 ஆனது. அவர்களில் ஏறத்தாழ 700 பேர் ஏழைக் குழந்தைகள். பத்தில் ஒருவர் என்றிருந்த நிலை, இருவரில் ஒருவர் என்று மாறியதற்கு இருபது ஆண்டுகள்கூடத் தேவைப்படவில்லை.

எண்ணிக்கையைவிட முக்கியமானது அதை எட்டிய முறை. ஏழைகளுக்கென மாலை நேரப் பள்ளியோ, தனிப் பிரிவோ அவர் தொடங்கவில்லை. கட்டணம் செலுத்துவோரும் செலுத்தாதோரும் ஒரே வகுப்பறையில், ஒரே ஆசிரியரிடம் பயின்றனர். வசதியுள்ளோர் செலுத்திய கட்டணமும் நன்கொடையாளர்களின் உதவியும் மற்றவர்களின் செலவுக்குத் துணை நின்றன. மதிலுக்கு வெளியே தொண்டு செய்வதற்குப் பதிலாக, மதிலையே திறந்துவிடும் வழி இது.

மொட்டை மாடியில் வானவில்

ஆனால், நடைபாதையில் வாழும் பத்து வயதுக் குழந்தையை எந்த வகுப்பில் சேர்ப்பது? எழுத்தறியாததால் ஒன்றாம் வகுப்பில் உட்கார வைத்தால், சின்னஞ்சிறு குழந்தைகளின் நடுவே கூச்சத்தால் குறுகிவிடும். வயதுக்குரிய ஐந்தாம் வகுப்பில் உட்கார வைத்தால், பாடம் புரியாமல் ஓடிவிடும். இலவச இடம் அளித்தால் மட்டுமே போதாது என்பதை இந்தச் சிக்கல் உணர்த்தியது.

1985-ல் தொடங்கப்பட்ட 'ரெயின்போ' திட்டம் இதற்கான விடை. பள்ளிக் கட்டடத்தின் மொட்டை மாடித் தளம் தெருக் குழந்தைகளுக்காகத் திறந்துவிடப்பட்டது. வானவில்லைப் போலத் தோன்றியும் மறைந்தும் வரும் இயல்புள்ளவர்கள் என்பதால் அவர்களுக்கு அப் பெயர் பொருந்தியது. குறித்த நேரத்தில் வர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. வரும்போது உணவு உண்டு, குளிக்க இடம் உண்டு, கற்பிக்க ஆள் உண்டு. இரவில் தெருவில் தங்குவது பாதுகாப்பற்றதாக இருந்த பெண் குழந்தைகள் பள்ளியிலேயே தங்கத் தொடங்கினர். மாலையில் பூட்டப்படும் கட்டடம் இரவில் ஒரு வீடானது.

கற்பித்தவர்கள் யார் என்பதில்தான் இத் திட்டத்தின் தனித்தன்மை இருக்கிறது. ஐந்தாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரையிலான மாணவியருக்குப் பாட அட்டவணையிலேயே இதற்கென நேரம் ஒதுக்கப்பட்டது. அந்த நேரத்தில் ஒரு மாணவி ஒரு தெருக் குழந்தையின் அருகே அமர்ந்து கற்பிப்பாள். ஒருவருக்கு ஓர் ஆசிரியர் என்ற, செல்வந்தர் வீட்டுப் பிள்ளைகளுக்கே வாய்க்கும் வசதி, நடைபாதைக் குழந்தைக்கு வாய்த்தது. தனக்கேற்ற வேகத்தில் கற்றுத் தேறியதும், அக் குழந்தை தன் வயதுக்குரிய வகுப்பில் சேர்க்கப்படும்.

இம் முறை தமிழகத்துக்குப் புதிதல்ல. நம் திண்ணைப் பள்ளிகளில் மூத்த மாணவனான சட்டாம்பிள்ளை இளையோருக்குப் பாடம் சொல்லித் தந்தான். 1790-களில் சென்னை எழும்பூரில் இருந்த ஆண்கள் அநாதை இல்லத்தை நடத்திய ஆண்ட்ரூ பெல், இந்த முறையைக் கையாண்டு, பின்னர் இங்கிலாந்தில் 'சென்னை முறை' என்ற பெயரில் பரப்பினார். ஆசிரியர் பற்றாக்குறையைச் சமாளிக்க உருவான ஏற்பாடு அது. சியால்டாவிலோ அதற்கு வேறொரு பயனும் விளைந்தது. கற்பித்த மாணவியும் கற்றாள். தன் நகரத்தில் தன் வயதுடைய ஒருத்தி எப்படி வாழ்கிறாள் என்பதைப் பாடநூல் சொல்லாத வகையில் அவள் அறிந்தாள்.

வியாழக்கிழமைப் பயணங்கள்

பள்ளியின் பணி கட்டடத்தோடு நிற்கவில்லை. வியாழக்கிழமைதோறும் மாணவியர் குழுவாகக் கிராமங்களுக்குச் சென்று, அங்குள்ள பள்ளிகளில் குழந்தைகளுக்குக் கற்பித்தனர். செங்கல் சூளைகளில் வேலை செய்யும் குடும்பங்களின் குழந்தைகளுக்காக, சூளை அருகிலேயே பள்ளிகள் அமைக்கப்பட்டன. முறையான பட்டம் பெறாத இளைஞர்களுக்கும் பெண்களுக்கும் குறுகிய காலப் பயிற்சி அளித்து, அவர்களைத் தங்கள் கிராமங்களிலும் குடிசைப் பகுதிகளிலும் ஆசிரியர்களாக்கும் 'வெறுங்கால் ஆசிரியர்' திட்டம், பல ஆயிரம் பேரை உருவாக்கியது.

இவற்றுள் மிகவும் துணிச்சலானது, வீட்டு வேலை செய்யும் சிறுமிகளைத் தேடும் திட்டம். அவர்கள் கணக்கெடுப்பில் சிக்காதவர்கள். நான்கு சுவருக்குள் மறைந்து வாழ்பவர்கள். தங்கள் குடியிருப்பிலும் அக்கம்பக்கத்திலும் அத்தகைய சிறுமிகள் இருக்கிறார்களா என்று மாணவியரே கண்டறிந்து, அவர்களுடன் நட்புக் கொண்டு, விளையாட்டுக்கும் படிப்புக்கும் அழைத்து வந்தனர். குழந்தைத் தொழில் என்பது எங்கோ பட்டாசு ஆலையிலும் கம்பளத் தறியிலும் மட்டும் இருப்பதல்ல, தன் வீட்டுச் சமையலறையிலும் இருக்கலாம் என்ற உண்மையை ஒரு பள்ளி தன் மாணவியரைக் கொண்டே நடுத்தர வர்க்கத்தின் வாசலில் வைத்தது.

யுனெஸ்கோவின் எழுத்தறிவுப் பணிக்கான நோமா விருது 1994-ல் இப் பள்ளிக்குக் கிடைத்தது. 2007-ல் மத்திய அரசு சகோதரி சிரிலுக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கியது. 2011-ல் முதல்வர் பொறுப்பிலிருந்து விலகிய அவர், 2023 ஜூனில் கொல்கத்தாவில் காலமானார். அவர் காட்டிய வழியில் தெருக் குழந்தைகளுக்கான இல்லங்கள் வேறு நகரங்களிலும் தோன்றின. தலைநகர் தில்லியில், முன்னாள் ஐஏஎஸ் அதிகாரி ஹர்ஷ் மந்தரின் முயற்சியில் கஷ்மீரி கேட் பகுதியில் அமைந்த 'கில்காரி' இல்லம் அவற்றில் ஒன்று.

சாசனமும் சர்ச்சையும்

இனி, உச்ச நீதிமன்றத்தின் முன் உள்ள கேள்விக்கு வருவோம். மத, மொழிச் சிறுபான்மையினர் தாங்கள் விரும்பும் கல்வி நிறுவனங்களை நிறுவி நடத்தும் உரிமையை அரசியல் சாசனத்தின் 30-ஆவது பிரிவு வழங்குகிறது. 1958-ல் கேரளக் கல்வி மசோதா குறித்த கருத்திலும், 1974-ல் ஆமதாபாத் செயின்ட் சேவியர் கல்லூரி வழக்கிலும் உச்ச நீதிமன்றம் இவ்வுரிமையை உறுதி செய்தது. கத்தோலிக்கப் பள்ளிகளின் தன்னாட்சிக்கு இவையே அடித்தளம்.

2012 ஏப்ரலில் 25 சதவீத ஒதுக்கீட்டை உறுதி செய்த மூவர் அமர்வு, அரசு உதவி பெறாத சிறுபான்மைப் பள்ளிகளுக்கு மட்டும் விலக்கு அளித்தது. 2014 மே மாதம் தலைமை நீதிபதி ஆர்.எம். லோதா தலைமையிலான ஐவர் அமர்வு, உதவி பெறும் சிறுபான்மைப் பள்ளிகளுக்கும் அவ் விலக்கை விரிவாக்கியது. அந்தத் தீர்ப்பைத்தான் 2025-ல் இருவர் அமர்வு ஐயுற்றது.

விலக்கை எதிர்ப்போர் காட்டும் ஆதாரம், தேசிய குழந்தைகள் உரிமைகள் பாதுகாப்பு ஆணையம் 2021-ல் வெளியிட்ட அறிக்கை. சிறுபான்மைப் பள்ளிகளின் மாணவர்களில் 8.76 சதவீதத்தினர் மட்டுமே சமூக, பொருளாதார நிலையில் பின்தங்கியவர்கள் என்றது அது. கிறிஸ்தவப் பள்ளிகளில் படிப்போரில் 74 சதவீதத்தினர் கிறிஸ்தவர் அல்லாதோர் என்றும் அது கூறியது. சொந்தச் சமூகத்தின் ஏழைகளுக்கும் போதிய இடமில்லை, பிற சமூகத்தின் ஏழைகளுக்கும் இடமில்லை எனில், விலக்கால் பயன் பெறுவோர் யார் என்று அவர்கள் கேட்கின்றனர்.

விலக்கை ஆதரிப்போரின் அச்சமும் புறந்தள்ளத் தக்கதல்ல. யாரைச் சேர்ப்பது என்பதில் அரசு கை வைத்தால், நாளை யாரை நியமிப்பது, எதைக் கற்பிப்பது என்பதிலும் கை வைக்கும் என்கின்றனர். சிறுபான்மையினர் மீதான நெருக்கடிகள் அதிகரித்து வருவதாக அவர்கள் கருதும் வேளையில், சாசனம் அளித்த காப்பைத் தளர்த்துவது எங்கே போய் முடியும் என்ற அவர்களது கேள்வி நியாயமானது. அந்த 74 சதவீதம், இப் பள்ளிகள் எல்லாச் சமூகங்களுக்கும் பயன்படுவதன் சான்று என்றும் வாதிட முடியும்.

சியால்டா இரு தரப்புக்கும் ஒரு செய்தி சொல்கிறது. ஒரு முதல்வர் தம் பள்ளியின் பாதி இடங்களை ஏழைகளுக்குத் தருகிறார். மொட்டை மாடியைத் தெருக் குழந்தைகளின் வீடாக்குகிறார். பள்ளி வேளையில் மாணவியரைக் கிராமத்துக்கு அனுப்புகிறார். இவற்றையெல்லாம் அவரால் செய்ய முடிந்ததற்கு, நிர்வாகத்தில் அவருக்கிருந்த சுதந்திரம் முக்கியக் காரணம். அவ்வகையில் 30-ஆவது பிரிவு ஏழைகளுக்கு எதிரானதல்ல. ஆனால், அதே சுதந்திரம் பெற்ற ஆயிரக்கணக்கான பள்ளிகளில் சியால்டாக்கள் எத்தனை என்ற கேள்விக்கு ஆதரவாளர்கள் விடை சொல்ல வேண்டும். இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை 2007-ல் வெளியிட்ட கல்விக் கொள்கையே ஏழைகளுக்கும் தலித்துகளுக்கும் முன்னுரிமை தருமாறு தன் பள்ளிகளைக் கேட்டுக்கொண்டது. அக் கொள்கை எந்த அளவு நிறைவேறியது என்பதைப் பள்ளிதோறும் கணக்கிட்டு வெளியிடுவது, நீதிமன்றத்தில் முன்வைக்கப்படும் எந்த வாதத்தையும்விட வலுவான வாதமாக இருக்கும்.

எஞ்சும் கேள்விகள்

சியால்டாவையும் குறையற்ற மாதிரியாகக் கொள்ள வேண்டியதில்லை. ஒரு தனிமனிதரின் ஆளுமையைச் சார்ந்து எழும் முயற்சிகள், அவருக்குப் பின் அதே வேகத்தில் தொடர்வது எளிதல்ல. பாதி மாணவர்களின் கட்டணத்தில் முழுப் பள்ளியும் இயங்குவதற்கு நன்கொடைகள் தேவை. சிற்றூர்களின் சிறிய பள்ளிகளுக்கு அவ் வசதி கிடைக்காது. ஒரு நகரத்தின் தெருக் குழந்தைகளைக் காக்கும் பொறுப்பு ஒரு பள்ளியின் மொட்டை மாடி மீது சுமத்தப்படுவதே அரசின் தோல்விக்குச் சான்று என்றும் கூறலாம்.

இருப்பினும், கல்வி உரிமைச் சட்டத்துக்கு இப் பள்ளியிடம் ஒரு பாடம் உண்டு. பள்ளி செல்லாத குழந்தையை வயதுக்குரிய வகுப்பில் சேர்த்து, சிறப்புப் பயிற்சி அளிக்க வேண்டும் என்று அச் சட்டத்தின் 4-ஆவது பிரிவு கூறுகிறது. சியால்டாவின் மாடியில் அது 1985-லேயே நடைமுறையில் இருந்தது. 12-ஆவது பிரிவின் 25 சதவீதத்தைப் பற்றி நடக்கும் விவாதத்தில் சிறு பகுதிகூட 4-ஆவது பிரிவைப் பற்றி நடப்பதில்லை. இடம் பெற்றுத் தருவது சட்டத்தால் முடியும். பெற்ற இடத்தில் ஒரு குழந்தை தலை நிமிர்ந்து அமர்வதற்கு, அருகில் அமர்ந்து கற்றுத்தர ஒருவர் வேண்டும்.

பெரிய அமர்வு அமைந்து, விலக்கு நீடிக்கலாம், நீங்கவும் செய்யலாம். நீடித்தால், அந்த உரிமையைக் கொண்டு யாருக்குக் கதவைத் திறந்தீர்கள் என்று கத்தோலிக்கப் பள்ளிகளை நாடு கேட்கும். நீங்கினால், உள்ளே வந்த குழந்தையை எப்படி அமர வைப்பீர்கள் என்று எல்லாப் பள்ளிகளையும் கேட்க வேண்டியிருக்கும். இரு கேள்விகளுக்கும் சியால்டாவில் கற்றுக்கொள்ள விடை இருக்கிறது.